சந்தா ஏறும்போது நாம் செய்கிற தவறுகள்

டிடிபி வேலை பார்க்கிறவர்களுக்கு ஆவணி பிறந்தால் தூக்கம் கிடையாது. போன ஆவணியில் ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணி. விடிந்ததும் ஆஃப்செட்டுக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகையைத் திருத்தலாம் என்று டிசைன் மென்பொருளைத் திறந்தேன். பத்திரிகைக்குப் பதிலாக ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது: உங்கள் சந்தா புதுப்பிக்கப்படவில்லை. பெண்ணின் சித்தப்பா அதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார். "தம்பி, தாய்மாமன் பேருக்கு முன்னாடி 'திரு' விட்டுப்போச்சு, அதை மட்டும் போட்டுருங்க." அந்த இரண்டெழுத்தைப் போட எனக்கு ஒரு வருடச் சந்தா தேவைப்பட்டது.

வருடா வருடம் தானாகப் போய்விடும் பணம் அன்றைக்கு ஏன் போகவில்லை? விலையை ஏற்றியிருந்தார்கள். வரியோடு சேர்த்து 15,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. இந்த மாதிரிச் சந்தாக்களுக்கு அந்த வரம்புக்கு மேல் ஓடிபி இல்லாமல் பணம் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி எனக்கு முன்கூட்டியே சொல்லியும் இருக்கிறது. அந்த எஸ்எம்எஸ், 'உங்களுக்குக் கடன் ரெடி' என்று வந்த நாற்பது எஸ்எம்எஸ்களுக்கு நடுவே கிடந்தது. நான் எவ்வளவு ஏறியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அவசர அவசரமாகக் கட்டினேன். 'திரு' போட்டேன். பத்திரிகை போனது.

மறுநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் என்னென்ன கேட்கிறோம்? அட்வான்ஸ் எவ்வளவு, 11 மாத அக்ரிமென்ட் முடிந்ததும் எவ்வளவு ஏற்றுவீர்கள், காலி செய்வதென்றால் எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், பெயின்ட் அடிக்கக் காசு பிடிப்பீர்களா. மென்பொருளுக்கு இதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. பிழைப்பே அதில்தான் நடக்கிறது, ஆனால் அக்ரிமென்ட்டைப் படித்ததில்லை.

ஒரு காலத்தில் இது சொந்த வீடாக இருந்தது. அடோபி நிறுவனம் மொத்தமாகக் காசு வாங்கிக்கொண்டு விற்ற கடைசி டிசைன் தொகுப்பு 2012இல் வந்த சிஎஸ்6. அடுத்த வருடமே, இனி சந்தாதான் என்று அறிவித்துவிட்டார்கள். வீட்டு பிளான் போடுகிறவர்கள் நம்பியிருக்கும் ஆட்டோகேட் 2016இல் அதே வழிக்குப் போனது. இன்று நாம் எல்லோரும் குடித்தனக்காரர்கள். வாடகை ஏறும், அதை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் ஏறுகிற நேரத்தில் நாம் செய்கிற சில தவறுகளால்தான் இழப்பு இரண்டு மடங்காகிறது.

மாதத் தொகையை மட்டும் பார்ப்பது

இதுதான் பெரிய தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விலைப் பக்கத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்ததும், 'ரெண்டு மாசம் வச்சுப் பார்ப்போம், பிடிக்கலைன்னா விட்டுடலாம்' என்று தோன்றும். அந்த எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ஆண்டு ஒப்பந்தம், மாதத் தவணை. அதாவது நீங்கள் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், பணத்தை மட்டும் பன்னிரண்டு துண்டாகக் கொடுக்கிறீர்கள். உண்மையிலேயே மாதா மாதம் விட்டுப்போகக் கூடிய திட்டம் அதே பக்கத்தில் வேறாக, விலை கூடுதலாக இருக்கும்.

அடோபியின் இந்தத் திட்டத்தில் முதல் 14 நாளுக்குள் ரத்து செய்தால் பணம் திரும்ப வரும். அதன் பிறகு என்றால், மீதமுள்ள மாதங்களின் தொகையில் பாதியை அபராதமாகக் கட்ட வேண்டும். கணக்குக்காக மாதம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாலு மாதம் கழித்து விலகினால் மிச்சம் எட்டு மாதம், 16,000 ரூபாய். அதில் பாதி 8,000. வேலை எதுவும் பார்க்காமல் நாலு மாத வாடகை. இந்த அபராதத்தை வாடிக்கையாளர் கண்ணில் படாதபடி மறைத்தார்கள், ரத்து செய்கிற வழியையும் சுற்றலில் விட்டார்கள் என்று சொல்லித்தான் அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீதும் அதன் இரண்டு உயர் அதிகாரிகள் மீதும் வழக்குப் போட்டது.

இதைப் படித்துவிட்டு மாதத் திட்டம்தான் உத்தமம் என்று ஓட வேண்டாம். வருடம் முழுக்க வேலை இருக்கிறவருக்கு ஆண்டுத் திட்டம்தான் லாபம். காலண்டர் சீசனில் மூன்று மாதம் மட்டும் தேவைப்படுகிறவருக்குக் கூடுதல் விலை கொடுத்தாலும் மாதத் திட்டம் மலிவு. உங்கள் வேலை எந்தெந்த மாதத்தில் வருகிறது என்பது உங்கள் பில் புத்தகத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

ஏறிய விலையை அப்படியே ஏற்றுக்கொள்வது

விலை ஏறுகிறது என்று மெயில் வரும். கூடவே 'புதிய வசதிகள்' என்று நாலு வரி இருக்கும். நமக்கு ஏற்றுக்கொள், ரத்து செய் என்று இரண்டே வழிதான் இருப்பதுபோலத் தோன்றும். பல நேரம் மூன்றாவது வழி ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் கோபைலட் என்ற ஏஐ வசதியைச் சேர்த்து, தனிநபர் திட்டத்தை ஆண்டுக்கு 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆக்கினார்கள். குடும்பத் திட்டம் 139லிருந்து 179. வேர்டில் கடிதம் அடிக்கிறவருக்கும் எக்செல்லில் வரவு செலவு போடுகிறவருக்கும் கேட்காமலேயே கொசுறு, ஆனால் கொசுறுக்குக் காசு. கோபைலட் இல்லாத 'கிளாசிக்' திட்டம் பழைய விலைக்கே இருந்தது. அதை மெயிலில் சொல்லவில்லை. ரத்து செய்கிறேன் என்று ஆரம்பித்து உள்ளே போனால்தான் அது கண்ணில் படும். அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 27 லட்சம் பேர் இப்படித் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்றது. அடுத்த மாதமே மைக்ரோசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது.

ஆகவே விலை ஏற்ற மெயில் வந்தால், பணம் கட்டும் முன் ரத்து செய்யும் பக்கம் வரைக்கும் ஒரு தடவை போய் வாருங்கள். கடைசி பட்டனை அழுத்த வேண்டாம், அதற்கு முந்தைய பக்கம் வரை போதும். கீழ்த் திட்டம், இரண்டு மாத இலவசம், தள்ளுபடி என்று ஏதாவது ஒன்று அங்கே எட்டிப் பார்க்கும். ஜவுளிக்கடையில் படி இறங்கும்போது கூப்பிடுவார்களே, அதே கதைதான். ஒன்றும் வரவில்லையென்றால் சாட்டில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் தேவையில்லை. ஆன்லைன் டிசைன் செயலியான கேன்வா 2024இல், 5 பேர் கொண்ட குழுக்கள் ஆண்டுக்கு 120 டாலர் போலக் கட்டிவந்ததை 500 டாலராக உயர்த்தப் போய், பயன்படுத்துகிறவர்கள் போட்ட சத்தத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் அந்த உயர்வைக் கைவிட்டது.

ஆட்டோபேயை மறந்துவிடுவது

நம் ஊர் விதி உண்மையிலேயே நல்ல விதி. பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று வங்கி சொல்லியாக வேண்டும். அந்தத் தடவை மட்டும் வேண்டாம் என்றோ, மொத்தமாகவே வேண்டாம் என்றோ நாம் நிறுத்தலாம். 2021 அக்டோபரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. முதலில் 5,000 ரூபாயாக இருந்த ஓடிபி வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது.

ஓட்டை எங்கே என்றால், அனுமதி கொடுக்கும்போது 'அதிகபட்சம் இவ்வளவு' என்று ஒரு தொகை இருக்கும். திட்டம் 700 ரூபாய், அனுமதி 15,000 ரூபாய் என்று இருந்தால் 700 நாளைக்கு 1,100 ஆனாலும் உங்களை யாரும் ஓடிபி கேட்கப் போவதில்லை. யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதியைத் திறந்து, யார் யாருக்கு எவ்வளவு வரை அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். போன தீபாவளிக்கு வீடியோ எடிட் செய்யப் போட்ட ஏதோ ஒன்று அங்கே இன்னும் உயிரோடு இருக்கும்.

இன்னொன்று. ஆட்டோபேயை நிறுத்திவிட்டால் சந்தாவே ரத்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வாடகை கொடுக்காமல் இருப்பதும் வீட்டைக் காலி செய்வதும் ஒன்றா? ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தால் அது அப்படியே நிற்கும், நிலுவை என்று மெயில் வந்துகொண்டே இருக்கும். கணக்குக்குள் போய் முறையாக ரத்து செய்து, ரத்தானதற்கு வந்த மெயிலைப் பத்திரப்படுத்துங்கள். ரத்து செய்யவே விடாமல் இழுத்தடித்தால், 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் அதைச் 'சந்தாப் பொறி' என்றே பட்டியலிட்டிருக்கின்றன. 1915க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம்.

கோப்புகளை உள்ளே பூட்டி வைப்பது

காலி செய்யும்போது உண்மையான அபராதம் பணம் இல்லை, சாமான். சந்தா முடிந்தால் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், மெருகேற்றும் பகுதி பூட்டிக்கொள்ளும். மைக்ரோசாஃப்ட் 365இல் கோப்பைத் திறந்து படிக்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது. அதன் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவில் 1 டிபி இருந்த இடம் 5 ஜிபிக்குச் சுருங்கிவிடும். கணக்கு மென்பொருளான டாலி மாதிரி லைசென்ஸ் வாங்கியதில் மென்பொருள் ஓடும், டிஎஸ்எஸ் என்ற அதன் சேவைச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் அப்டேட் வராது. ஜிஎஸ்டியில் ஏதாவது மாறும்போதுதான் அதன் வலி தெரியும்.

சந்தா கட்டிக்கொண்டிருந்தாலும் பூட்டிக்கொள்ளும் என்பதற்கு, அச்சு வண்ணங்களுக்கு எண் கொடுக்கும் பான்டோன் நிறுவனத்தின் விவகாரம் சாட்சி. 2022இல் அடோபிக்கும் பான்டோனுக்கும் ஒப்பந்தம் மாறியது. அந்த வண்ணங்கள் இருந்த பழைய போட்டோஷாப் கோப்புகளைத் திறந்தவர்களுக்கு அந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. நிறம் வேண்டுமென்றால் பான்டோனுக்குத் தனியாக இன்னொரு சந்தா. அச்சுத்தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே வேலை முடிந்த அன்றைக்கே மூன்று பிரதி எடுத்து வைக்கிறேன்: மூலக் கோப்பு, அச்சுக்குப் போன பிடிஎஃப், வேறு மென்பொருள் திறக்கக் கூடிய வடிவம் ஒன்று. பக்கம் கட்டும் இன்டிசைன் என்றால் ஐடிஎம்எல், கோடுகளால் வரைந்த வெக்டர் படம் என்றால் எஸ்விஜி. ஐடிஎம்எல் எடுத்து வைத்தால் பழைய சிஎஸ்6இல்கூட திறக்கலாம். அரை நிமிட வேலை. சந்தா முடிந்த பிறகு இதைச் செய்ய முடியாது என்பதுதான் சிக்கலே.

கோபத்தில் ஒரே ராத்திரியில் மாறுவது

இலவச மாற்றுகள் இன்று நிஜமாகவே நன்றாக இருக்கின்றன. இன்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ், லிப்ரே ஆபிஸ் எல்லாம் எப்போதும் இலவசம். அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளையும் கேன்வா 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. ஆனால் தமிழ் அடிக்கிறவர்கள் ஒரு சோதனை செய்யாமல் மாறக் கூடாது. புதுக் கோப்பில் யுனிகோடில் இரண்டு வரி அடித்துப் பாருங்கள்: 'ஸ்ரீ மீனாட்சி சுந்தரேஸ்வரர் துணை', 'கொண்டாட வருகைதந்து'. 'கொ'வில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்கார்ந்தால், 'ஸ்ரீ' துண்டு துண்டாக உடைந்தால், அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். இன்டிசைனிலேயே வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இந்தக் கூத்து நடக்கும்.

யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவான பாமினியில் அடித்தால் எதிலும் வரும், உண்மைதான். பாதிக் கடைகள் இன்னும் அதை விடாததற்குக் காரணமும் அதுதான். ஆனால் அந்த எழுத்தை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஆங்கிலக் குப்பையாக வந்து விழும்.

திருட்டுப் பதிப்பைப் பற்றி ஒரே வரி: வைரஸ் வந்து வாடிக்கையாளர் கோப்பெல்லாம் போன பிறகு அது இலவசம் இல்லை. டெலிகிராமில் 499 ரூபாய்க்கு 'லைஃப்டைம் கீ' விற்கிறவரும் அதே ரகம்தான். யாரோ ஒரு கல்லூரியின் கணக்கில் உங்களைச் சேர்த்துவிட்டு நழுவிவிடுவார். கல்லூரி கவனித்து நீக்கினால் அதோடு சரி.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் சந்தாக் கணக்கில் அந்த எண்ணைக் கொடுத்து வையுங்கள். அதில் கட்டும் 18 சதவீத வரியை நீங்கள் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், சும்மா விட வேண்டாம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இப்போது என் மேசைக்கு எதிரே உள்ள தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு சந்தாவுக்கும் முடிகிற தேதிக்கு 30 நாள் முன்னால் உள்ள தாளில் சிவப்புப் பேனாவால் பெயரும் போன வருடம் கட்டிய தொகையும் எழுதியிருக்கிறேன். பெரிய சந்தா புரட்டாசியில் முடிகிற மாதிரி மாற்றிக்கொண்டுவிட்டேன். அந்த மாதத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க எங்கள் கடைக்கு ஒருத்தரும் வருவதில்லை.