குளக்கட்டும் துருசும்: டூம் மேப்பில் அடுக்குத் தளங்களைக் கட்டும் முறை

1993 டிசெம்பரில் ஐடி சொஃப்ட்வெயர் வெளியிட்ட டூம் என்ற கணினி விளையாட்டு பார்வைக்கு முப்பரிமாணமாகத் தோன்றினாலும், அதன் மேப் மேலிருந்து பார்த்து வரைந்த ஒரு தட்டையான படமே. அந்தப் படத்தில் கோடுகளால் சூழப்பட்ட ஒவ்வொரு பகுதிக்கும், அதாவது செக்டருக்கும், ஒரு தரை உயரமும் ஒரு கூரை உயரமும் மட்டுமே உண்டு என்பதால், ஓர் அறையின் மேல் இன்னோர் அறையை வைப்பது விளையாட்டை இயக்கும் மூல எஞ்சினில் இயலாது. 1997 இல் அதன் மூலநிரல் வெளியிடப்பட்ட பிறகு மற்றவர்கள் வளர்த்தெடுத்த எஞ்சின்களில், குறிப்பாக ஜிசெட்டூமில், இந்தத் தடை இல்லை. விளையாட்டை விலைகொடுத்து வாங்காதவர்கள் ஜிசெட்டூமுடன் இலவசமான ஃப்ரீடூம் கோப்புகளையும், மேப் வரைய அல்டிமேட் டூம் பில்டரையும் இறக்கிக்கொண்டால் போதும். புதிய மேப்பைத் தொடங்கும்போது யூடிஎம்எஃப் வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

வன்னி சமதரையான நிலம். மேடு என்று சொல்ல இங்கே இருப்பது பெரும்பாலும் குளக்கட்டுத்தான். ஆனால் இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ கட்டின்மேல் நடந்தவருக்கு, ஒரு பக்கம் நீர்ப்பரப்பும் மறுபக்கம் தாழ்ந்து கிடக்கும் வயலும் காலடியில் துருசும் (குளத்து நீரை வெளியே விடும் மதகு) சேர்ந்து எத்தனை தளங்களாகின்றன என்பது தெரியும். மேலே ஆள் நடக்க, அதே இடத்தின் கீழே நீர் போகிறது. மூல டூமால் செய்ய முடியாதது இதுவே என்பதால், பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

கோடு போடுவதற்கு முன் உயரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விளையாடுபவரின் உயரம் 56 அலகு, அகலம் 32 அலகு, ஒரே அடியில் அவர் ஏறக்கூடிய படி அதிகபட்சம் 24 அலகு. நிஜ அளவில் ஓர் அடி உயரத்துக்குச் சுமார் 10 அலகு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. நமது மேப்பில் வயல் 0, துருசுக் குகையின் கூரை 96, கட்டின் மேற்பரப்பு 192 என்று இருக்கட்டும். குகைக்கு 56 அலகே போதுமென்று எஞ்சின் அனுமதித்தாலும், அவ்வளவு தாழ்வான இடத்தில் சண்டை பிடிப்பது சலிப்பைத்தான் தரும்.

முதலில் கட்டை நீளவாக்கில் வரைந்து, நடுவே குகை போகவேண்டிய இடத்தைத் தனிச் செக்டராகப் பிரியுங்கள். இருபுறக் கட்டுத் துண்டுகளின் தரை 192. நடுச் செக்டரின் தரை 0, கூரை வானம். இப்போது கட்டு இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். வெட்டின் இரு பக்கங்களிலும் தெரியும் கீழ் டெக்ஸ்சர், அதாவது சுவரின் கீழ்ப்பகுதியில் ஒட்டும் படம்தான் பின்னர் குகையின் சுவராகப் போகிறது. அடுத்ததாக, மேப்புக்கு வெளியே வெற்றிடத்தில் ஒரு சிறு சதுரச் செக்டரை வரையுங்கள். விளையாடுபவர் ஒருபோதும் போகாத அந்தச் சதுரமே நடுவே நிரப்பவேண்டிய பாளத்தின் அச்சு: அதன் தரை உயரம் 96 பாளத்தின் அடிப்பக்கமாகவும், கூரை உயரம் 192 அதன் மேற்பக்கமாகவும் அமையும். சதுரத்தின் ஒரு கோட்டுக்கு பாளம் அமைக்கும் 160 ஆம் இலக்கச் செயலைக் கொடுத்து, நடுச் செக்டரை அடையாளம் காட்ட இட்ட டேக் எண்ணையே அதில் எழுதி, வகையைத் திடப்பொருளுக்கான 1 ஆகவும் ஒளிபுகாமையை 255 ஆகவும் வையுங்கள். அதே கோட்டின் நடு டெக்ஸ்சர் பாளத்தின் பக்கங்களில் தெரியும் என்பதால் அங்கே கொங்கிறீற் நிறத்தைக் கொடுப்பது நல்லது. சதுரத்தின் கூரைப் படம் கட்டின்மேல் கிரவலாகவும், தரைப் படம் குகையின் உட்கூரையாகவும் தெரியும். எது மேல், எது கீழ் என்று இந்த இடத்தில் தலைகீழாகத் தோன்றுவதால் தொடக்கத்தில் பலரும் மாற்றி வைத்துவிடுகிறார்கள்.

வெளிச்சத்தையும் இதே சதுரம்தான் தீர்மானிக்கிறது. நடுச் செக்டரின் ஒளி 208 ஆகவும் சதுரத்தின் ஒளி 112 ஆகவும் இருந்தால், கட்டின்மேல் வெயிலும் குகைக்குள் இருளும் தாமாகவே வந்துவிடும். குளத்து நீரையும் இப்படியே, வகை 2 இல், இன்னொரு சதுரத்தால் வைக்கலாம். ஆனால் நீர்ச் செக்டர் முடியும் கோட்டில் தண்ணீர் கண்ணாடிச் சுவர்போல் செங்குத்தாக நிற்கும். ஆகவே துருசின் குளப்பக்க வாயை ஒரு கதவால் அடைத்துவிடுங்கள்.

கட்டின் சரிவுக்குப் படிகளும் வைக்கலாம், 181 ஆம் இலக்கச் செயலால் உண்மையான சாய்தரையும் அமைக்கலாம். 45 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏற முடியாது. 192 உயரத்துக்கு 384 அலகு நீளம் கொடுத்தால் கட்டும் கட்டாகத் தெரியும்.

கட்டருகே ஒரு மாடி வீடு வைக்க விரும்பினால் கவனம் படிக்கட்டில் இருக்கவேண்டும். மேல்மாடிப் பாளம் 112 இலிருந்து 128 வரை, படிகள் ஒவ்வொன்றும் 16 அலகு உயரமும் 32 அலகு ஆழமும் என்று கொள்வோம். மூன்றாம் படியில் நிற்பவரின் தலை 104 இல் இருப்பதால் பாளத்தின் கீழே அடங்கிவிடும், நான்காம் படியில் 120 ஆகி இடிக்கும். எனவே நான்காம் படியிலிருந்து பாளத்தைத் திறந்துவிட்டால் போதுமென்று தோன்றும். அது போதாது. எஞ்சின் ஆளை 32 அலகு அகலமான பெட்டியாகவே கணக்கிடுகிறது; பெட்டியின் முன்விளிம்பு நான்காம் படியைத் தொட்டவுடன் ஆள் முழுவதும் அந்த உயரத்துக்கு எழ, பின்விளிம்பு இன்னும் மூன்றாம் படியின் மேலேயே இருக்கும். ஆகவே மூன்றாம் படியிலிருந்தே மேலே திறப்பு இருக்கவேண்டும். ‘படியில் ஏறமுடியவில்லை’ என்ற முறைப்பாடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு படியால் வருவதே.

இவ்வளவும் சொன்னாலும், எல்லா இடத்திலும் பாளம் போடுவதை நான் விரும்புவதில்லை. கட்டின்மேல் நிற்பவருக்கு வயலும், வயலில் நிற்பவருக்குக் கட்டும் தெரிந்தாலே உயரம் உணரப்படும். அதற்குச் சாதாரணச் செக்டர்களே போதும். மேலும் கீழும் ஆள் நடமாடும் இடத்துக்கு மட்டும் பாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். டூமிலிருந்து வளர்ந்த, ஆனால் பாளம் போட இயலாத பூம் எஞ்சினுக்காக வரைபவர்கள் குகையை மேப்பின் வேறொரு மூலையில் கட்டி, துருசு வாயில் 244 ஆம் இலக்க ஓசையற்ற இடமாற்றக் கோட்டைப் போடலாம்; புறப்படும் கோடும் சேரும் கோடும் ஒரே நீளத்தில் இருந்தால் மாற்றம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

கடைசி வேலை இம்ப் எனும் எதிரிப் பேய்களை நிறுத்துவது. பாளத்தின்மேல் வைக்கும் ஒன்றுக்கு உயரம் கொடுக்காவிட்டால் அது செக்டரின் தரையில், அதாவது குகைக்குள்ளேயே தோன்றும். அதன் பண்புகளில் உயரத்தை 192 என்று எழுதவேண்டும். 24 அலகுக்கு மேற்பட்ட பள்ளத்தில் அவை தாமாக இறங்குவதில்லை என்பதால், கட்டிலிருந்து வயலுக்கு அவை துரத்தி வரவேண்டுமானால் சரிவை அவை நிற்கும் இடத்துக்கு அருகிலேயே வையுங்கள்.