செட் பேக்கர் பாடிய தட்டு: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளம் நண்பர் ஒருவர், சென்ற மாதம் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் செட் பேக்கர் பாடிய ‘செட் பேக்கர் சிங்ஸ்’ தொகுப்பை வாங்கிவிட்டு, அதில் கிட்டார் வாசித்தவர் பாடகருக்கு வழிவிட்டு எவ்வளவு அடக்கமாக வாசித்திருக்கிறார் என்று வியந்து பேசினார். பல ஆண்டுகளுக்கு முன் நான் பேசிய பேச்சு அது. எந்தப் பதிப்பை வாங்கினார் என்று கேட்க வேண்டிய தேவையே எனக்கு இருக்கவில்லை. கீறல் விழுந்ததை வாங்காதீர்கள், தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

‘ஸ்டீரியோ’ என்ற சொல்லுக்குப் பணம் கொடுப்பது

இத்தொகுப்பின் முதல் 8 பாடல்கள் 1954 பிப்ரவரியில் பதிவாகி, அதே ஆண்டு பசிபிக் ஜாஸ் நிறுவனத்தின் 10 அங்குலத் தட்டாக வெளிவந்தன. 1956இல் மேலும் 6 பாடல்களைப் பதிவு செய்து, மொத்தம் 14 பாடல்களுடன் 12 அங்குலத் தட்டாக வெளியிட்டார்கள். இரண்டுமே மோனோ, அதாவது இடம், வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் பதிவானவை. அவற்றில் முக்கியமாக ஒலிப்பவை பேக்கரின் குரல், அவருடைய டிரம்பெட், ரஸ் ஃப்ரீமனின் பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவை, கிட்டார் கிடையாது.

ஸ்டீரியோ தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்தது 1950களின் இறுதியில்தான். அவை வந்தபின் மோனோ பழைய சரக்காகிவிட்டதால், வேர்ல்ட் பசிபிக் என்று பெயர் மாறியிருந்த அதே நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜோ பாஸ் என்ற கலைஞரைப் பழைய பதிவின் மேல் கிட்டார் வாசிக்கவைத்து, அதை ஸ்டீரியோ பதிப்பாக விற்றது. ஒற்றைத் தடத்தில் பதிவான பாட்டை இரண்டாகப் பிரிக்க உண்மையான வழி அன்று இருக்கவில்லை. மின்னணு வித்தைகளால் இடமும் வலமும் வேறுபடுவதுபோல் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பதிப்பைத்தான் நான் ஒரு கடையில், பக்கத்திலேயே பாதி விலைக்குக் கிடந்த மோனோ மறுபதிப்பை ஒதுக்கிவிட்டு, இரு மடங்கு கொடுத்து வாங்கினேன். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், பாடகரும் கிட்டார் கலைஞரும் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து இசைத்திருப்பதைப் பற்றி வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் விளக்கினேன். பிறகு ஒரு நண்பர் வீட்டில் மோனோ தட்டைக் கேட்டபோது கிட்டாரைக் காணோம். பேக்கர் பாடி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, ஒலிநாடாவைக் கேட்டுக்கொண்டு ஒருவர் வாசித்ததைத்தான் நான் உரையாடல் என்று நம்பியிருந்தேன்.

ஜோ பாஸ் மீது எனக்குக் குறையில்லை. அவர் பெரிய கலைஞர். ஆனால் இந்தப் பதிவின் அழகே, ‘மை ஃபன்னி வேலன்டைன்’ பாடலில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே விழும் வெறுமையில் இருக்கிறது. சரியாக அந்த இடத்தைத்தான் கிட்டார் நிரப்புகிறது. அட்டையை மட்டும் நம்பாதீர்கள். கடைக்காரரிடம் சொல்லி ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். கிட்டார் கேட்டால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

14 பாடல்களையும் ஒரே நாளின் பாட்டாகக் கேட்பது

இரு பதிவுகளுக்கும் இடையே இரண்டரை ஆண்டு இடைவெளி உண்டு. முதல் எட்டில், தன் குரலைத் தானே சோதித்துப் பார்க்கும் 24 வயது டிரம்பெட் கலைஞரைக் கேட்கிறோம். பின் வந்த ஆறில் அந்தத் தயக்கம் குறைந்திருக்கிறது. நான் தயக்கத்தின் பக்கம். பிற்காலக் குறுந்தகடுகளில் 1956இன் பாடல்கள் முன்னால் வைக்கப்பட்டிருப்பதால், பதிவான வரிசையில் கேட்க விரும்புவோர் ஏழாவது பாடலிலிருந்து தொடங்கலாம்.

ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டோடு ஒப்பிடுவது

வேண்டாம். ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் குரலால் ஓர் இசைக்குழுவையே எழுப்பக்கூடியவர். பேக்கர் அதிர்வில்லாத மெல்லிய குரலில், டிரம்பெட் ஊதும் அதே சிக்கனத்தோடு பாடுகிறார்.

ஒலியை உயர்த்துவது

குரல் பெரிதாகாது, ஊசியின் உரசல்தான் பெரிதாகும்.