கூண்டு ஏறுவதற்கு முன் ஒரு முதுகுப்பை

மலேசியா, பிரான்ஸ், கனடா என்று எங்கிருந்தோ வந்து பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வீடு பிடித்திருக்கிறீர்களா? புயல் வந்தால் சட்டென்று முகாமுக்குக் கிளம்ப, அக்டோபர் பிறப்பதற்குள் வீட்டில் ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கி வைத்துவிடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதும் இந்தக் காலத்தில்தான்.

கோலாலம்பூரிலிருந்து நான் வந்த முதல் வருடமே, 2020 டிசம்பரில், புரெவிப் புயல். கரையோரம் இருந்தவர்களை முகாமுக்குப் போகச் சொன்னார்கள். நானும் பெருமையாக உருட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். விமான நிலையத்தில் வழுக்கிக்கொண்டு வந்த சக்கரம், எங்கள் தெரு மணலில் பத்தடி தாண்டவில்லை. பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் பேரன், முதுகில் அவன் அண்ணனின் பழைய பள்ளிக்கூடப் பை சகிதம் நின்று, "பெட்டிய விட்டுட்டு வாங்க தம்பி, பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்துக்கங்க" என்றார். புயல் வரும் வழியிலேயே வலுவிழந்தது நல்லதாய்ப் போயிற்று. மழை மட்டும் விடவில்லை.

மலையேறுகிறவர்கள் சுமக்கும் பெரிய பை வேண்டாம். 25 லிட்டரிலிருந்து 35 லிட்டர் போதும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தூக்குகிற பை ஏறக்குறைய அந்த அளவுதான். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் தேடுங்கள். பெயர்போன கம்பெனியா என்று பார்ப்பதைவிட, பையைப் புரட்டித் தையலைப் பாருங்கள். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் ஒற்றை வரி நூல் ஓடினால் கீழே வைத்துவிடுங்கள். சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டிருந்தால் எடுக்கலாம். மார்புக்குக் குறுக்கே ஒரு வார் இருந்தால் இன்னும் நல்லது, காற்றில் பை ஆடாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நாலைந்து லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே போட்டு, மாட்டிக்கொண்டு படியேறி இறங்கிப் பாருங்கள்.

அடுத்தது ஜிப். இது நம் ஊருக்கென்றே உள்ள தலைவலி. உப்புக்காற்றில் உலோக இழுப்பான் சீக்கிரமே பூத்துப்போய் இறுகிவிடும். அவசரத்தில் இழுத்தால் கையோடு வரும். பல்லும் இழுப்பானும் பிளாஸ்டிக்காக உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாதம் ஒருமுறை மெழுகுவர்த்தியைத் தேய்த்து, நாலு தடவை திறந்து மூடுங்கள்.

'வாட்டர்ப்ரூஃப்' என்று தொங்கும் சீட்டை நம்பி முந்நூறு, நானூறு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். துணி தாங்கும், ஊசி போன ஓட்டைகள் தாங்காது. 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி மழைக்குத் தடிமனான பாலித்தீன் உறையைப் பைக்குள் விரித்து, சாமானை வைத்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போடுவதுதான் சரி. செலவு சில ரூபாய்.

உள்ளே என்ன? பாஸ்போர்ட், ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை அல்லது விசா, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் தனி உறையில். அன்றாடம் போடும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, மருந்துச் சீட்டோடு. டார்ச், பவர் பேங்க், கொசுவர்த்தி, ஒரு கைலி. கைலி என்றால் சிரிக்காதீர்கள்: அதுவே போர்வை, துண்டு, உடை மாற்ற மறைப்பு. அவலும் கருப்பட்டியும் அடுப்பில்லாமல் பசி தாங்கும். அப்புறம், பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள். கரண்ட் போய் டவரும் போனால் போனில் பணம் அனுப்ப முடியாது. எல்லாம் போட்டபின் உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கனத்தால் எதையாவது வெளியே எடுங்கள்.

புயல் எச்சரிக்கைக்கு அடையாளமாகப் பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். எண் 1 முதல் 11 வரை உண்டு, கூடக்கூட ஆபத்து. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். பலத்த காற்று வீசினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், அதனால் தீவில் இருப்பவர்கள் கடைசி நேரத்தில் ரயிலை நம்ப வேண்டாம். உங்கள் தெருக்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தப் புயல் பாதுகாப்பு மையத்தில் தங்குவார்கள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முன்பே கேட்டு, ஒருநாள் நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

பையைப் பீரோ மேலே ஏற்றி வைக்காதீர்கள். அக்கா வீட்டில் வாசல் கதவுக்குப் பின்னால், இருட்டிலும் கை எட்டும் உயரத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். நானும் இப்போது அப்படித்தான் மாட்டி வைத்திருக்கிறேன்.