பாலத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்த படகு: ஆங்கிலத்தில் அடுத்தடுத்து வரும் ப்ரிபோசிஷன்கள்

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கீழே எட்டிப் பார்க்காதவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். வடகடலிலிருந்து தென்கடலுக்குப் போகும் ஒரு படகு பாலத்துக்கு அடியில் நுழையும். கொஞ்ச நேரம் கண்ணில் படாது. அப்புறம் இந்தப் பக்கம் வெளியே வரும். இதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக எழுதச் சொன்னேன்.

மாலை வகுப்புக்கு வரும் பெண் ஒருத்தி சரியாகவே எழுதினாள்: “எ போட் கேம் அவுட் ஃப்ரம் அண்டர் த பிரிட்ஜ்.” எழுதிய கையோடு ‘அண்டர்’ என்ற சொல்லை அவளே அடித்தும் விட்டாள். ஏன் என்று கேட்டேன்.

“ரெண்டு ப்ரிபோசிஷன் பக்கத்துல பக்கத்துல வரக்கூடாதுல்லக்கா?”

ப்ரிபோசிஷன் என்று அவள் சொன்னது ஃப்ரம், அண்டர் போன்ற சிறு சொற்களை. அவை பக்கத்தில் பக்கத்தில் வரலாம். தாராளமாக வரலாம். இந்தப் பயத்தினால்தான் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட ‘கேம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தயங்கி நிற்கிறார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து படியுங்கள்

முதலில் தமிழில் எழுதுவோம்.

ஒரு படகு / பாலத்துக்கு / அடியில் / இருந்து / வெளியே / வந்தது.

‘அடியிலிருந்து’ என்று சேர்த்துச் சொல்வதால் நமக்குத் தெரிவதில்லை. பிரித்துப் பார்த்தால் அங்கேயே ‘அடியில்’, ‘இருந்து’ என்று இரண்டு இருக்கின்றன. தமிழிலும் நாம் அடுக்கித்தான் பேசுகிறோம்.

இப்போது ‘ஒரு படகு’ என்பதை மட்டும் முன்னால் விட்டுவிட்டு, மீதியைக் கடைசியிலிருந்து படியுங்கள். வந்தது, கேம். வெளியே, அவுட். இருந்து, ஃப்ரம். அடியில், அண்டர். பாலம், த பிரிட்ஜ். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. கண்ணாடியில் பார்த்தது மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது.

எனக்கு இது முதன்முதலில் புரிந்த நாளில் கையில் கிடைத்த வாக்கியத்தையெல்லாம் இப்படித் திருப்பிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். ‘பூனை வலைகளுக்குப் பின்னாலிருந்து வெளியே ஓடியது’ என்றால் “த கேட் ரேன் அவுட் ஃப்ரம் பிஹைண்ட் த நெட்ஸ்.” பாசி எடுக்கக் கடலில் முங்கும் பெண்கள் மூச்சு வாங்க மேலே வருகிறார்கள் இல்லையா? ‘அவள் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தாள்’ என்பது “ஷி கேம் அப் ஃப்ரம் அண்டர் த வாட்டர்.” படகு வாக்கியத்தில் ‘அவுட்’ இருந்த இடத்தில் இங்கே ‘அப்’ வந்திருக்கிறது, அவ்வளவுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைச் சொல்லும்போது ‘கடல் ஊருக்கு மேலே ஏறி வந்தது’ என்போம். அது “த சீ கேம் அப் ஓவர் த டவுன்.”

‘அவுட் ஃப்ரம் அண்டர்’ போல மூன்று சொற்கள் அடுத்தடுத்து வருவதற்கு இன்னொரு நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் விசைப்படகுகள் திரும்பக் கடலுக்குப் போகும். “த போட்ஸ் வென்ட் பேக் அவுட் டு சீ.” பேக், அவுட், டு என்ற வரிசையை மாற்றக் கூடாது. ‘திரும்ப’ என்ற பொருளில் வரும் ‘பேக்’ வினைக்கு ஒட்டினாற்போல முதலில் நிற்கும். ‘சீ’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘த’ இல்லாததையும் கவனியுங்கள். நம் பக்கம் ‘தொழிலுக்குப் போயிருக்கிறார்’ என்றால் கடலுக்குப் போயிருக்கிறார் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? ‘டு சீ’ என்பதும் அப்படி ஒரு வழக்கு.

இலக்கணப் புத்தகங்கள் இந்த ‘அவுட்’, ‘பேக்’ இரண்டையும் அட்வர்ப் என்று தனியாகப் பிரிக்கும். தொடக்கத்தில் அந்தப் பெயரை நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: காலத்தை வினையில் மட்டும் காட்டுங்கள்

தமிழில் ‘வந்தது’ கடைசியில் நிற்கிறது, காலமும் அங்கேதான் தெரிகிறது. ஆங்கிலத்தில் வினை முன்னால் போய்விட்டதால் காலமும் முன்னால் போய்விடும். கம் என்பது கேம் ஆகும், ரன் என்பது ரேன் ஆகும், கோ என்பது வென்ட் ஆகும். பின்னால் வரும் அவுட், ஃப்ரம், அண்டர் எதுவும் மாறாது. வரிசையில் எத்தனை வந்தாலும் அப்படித்தான்.

கேள்வியிலும் மறுப்பிலும் ‘டிட்’ வந்து காலத்தை வாங்கிக்கொள்ளும். வினை தன் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடும். “டிட் த போட் கம் அவுட் ஃப்ரம் அண்டர் த பிரிட்ஜ்?” “நோ, இட் டிட் நாட் கம் அவுட்.” ‘டிட் கேம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வகுப்பில் நான் அதிகமாகத் திருத்துகிற பிழை இதுதான்.

படி 3: ‘ஃப்ரம்’ சேர்த்துக்கொள்ளும், ‘டு’ சேர்த்துக்கொள்ளாது

படி 1 கொடுத்த தைரியத்தில் எல்லாவற்றையும் அப்படியே திருப்பினால் சில இடங்களில் தவறிவிடுவோம். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

‘ஃப்ரம்’ தனக்குப் பின்னால் இடத்தைக் காட்டும் இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளும். ஃப்ரம் அண்டர், ஃப்ரம் பிஹைண்ட், ஃப்ரம் இன்சைட், ஃப்ரம் பிட்வீன், ஃப்ரம் அபவ், ஃப்ரம் அக்ராஸ் எல்லாம் சரி. ‘டு’ பொதுவாக அப்படிச் சேர்த்துக்கொள்வதில்லை. தமிழில் ‘பாலத்துக்கு அடிக்குப் போனது’ என்று சொல்வதால் ‘வென்ட் டு அண்டர் த பிரிட்ஜ்’ என்று எழுதத் தோன்றும். ‘டு’ என்பதை எடுத்துவிடுங்கள். “த போட் வென்ட் அண்டர் த பிரிட்ஜ்.” அதேபோலத்தான் “ஹி வென்ட் பிஹைண்ட் த டெம்பிள்.” போவதற்கு ஒன்று போதும், வருவதற்கு இரண்டு வேண்டும் என்று என் மாணவர்கள் நினைவு வைத்துக்கொள்கிறார்கள். முழு விதி அது இல்லை, ஆனால் தொடக்கத்துக்கு நன்றாகவே உதவுகிறது.

அப்புறம் இந்த ‘உள்ளிருந்து’. ‘பெட்டிக்குள்ளிருந்து மீனை எடுத்தார்’ என்பதைத் திருப்பினால் ‘ஃப்ரம் இன்’ என்று வரும். அப்படிச் சொல்வதில்லை. “ஹி டுக் த ஃபிஷ் அவுட் ஆஃப் த பாக்ஸ்.” உள்ளேயிருந்து வருவதற்கு ‘அவுட் ஆஃப்’ என்பதே தயாராக இருக்கும் சோடி. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் ‘ஃப்ரம் இன்சைட் த பாக்ஸ்’ என்றும் சொல்லலாம். ‘மேலிருந்து’ என்பதும் இப்படித்தான். ‘கூரை மேலிருந்து கீழே குதித்தான்’ என்பது “ஹி ஜம்ப்ட் டவுன் ஃப்ரம் த ரூஃப்.” ‘ஃப்ரம் ஆன்’ கிடையாது, தமிழில் இருக்கும் ‘மேல்’ ஆங்கிலத்தில் மறைந்துவிடும்.

படி 4: செயப்படுபொருள் எங்கே நிற்கும்?

‘வலையைப் படகுக்குள் மேலே இழுத்தோம்.’ இங்கே வலை நடுவில் வரும்: “வி புல்ட் த நெட் அப் இன்டு த போட்.” வலை என்ற சொல்லுக்குப் பதில் ‘இட்’ போட்டால் அது வினையை ஒட்டியே நிற்க வேண்டும். “வி புல்ட் இட் அப் இன்டு த போட்.” ‘புல்ட் அப் இட்’ என்பது தவறு.

படி 5: வாயால் சொல்லிப் பாருங்கள்

எழுத்தில் புரிந்தது காதில் விழும்போது புரிவதில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அதற்குக் காரணம் புணர்ச்சி. கடல், ஓரம் இரண்டும் சேர்ந்து கடலோரம் ஆவது போல, மெய்யில் முடியும் வினையோடு உயிரில் தொடங்கும் சிறு சொல் ஒட்டிக்கொள்ளும். ‘கேம் அவுட்’ என்பது ‘கேமவுட்’ என்று கேட்கும். ‘லுக்ட் அப்’ என்பது ‘லுக்டப்’ என்று கேட்கும்.

இறந்தகாலத்தைக் காட்டும் அந்தக் கடைசி ஒலி, அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் தெளிவாகக் கேட்கும். மெய்யில் தொடங்கினால் தேய்ந்து போகும். ‘லுக்ட் ஃபார்’ என்று சொல்கிறவர் வாயிலிருந்து நமக்கு ‘லுக் ஃபார்’ போலத்தான் வந்து சேரும். அங்கே சொல்லைவிட்டு நேரத்தைப் பிடியுங்கள்: ‘யெஸ்டர்டே’ என்றோ ‘லாஸ்ட் நைட்’ என்றோ எங்காவது சொல்லியிருப்பார்.

படி 6: திருப்ப முடியாதவை

“வி ரேன் அவுட் ஆஃப் ஐஸ்.” திருப்பிப் பார்த்தால் ‘ஐஸிலிருந்து வெளியே ஓடினோம்’ என்று வரும். பொருள் அது இல்லை. ‘எங்களிடம் ஐஸ் தீர்ந்துபோச்சு’ என்பதுதான் பொருள்.

இதைக் கேட்டதும் ஆங்கிலம் ஏன் இப்படிக் குழப்புகிறது என்று கோபம் வரும். ஆனால் ‘தீர்ந்துபோச்சு’ என்பதையே பாருங்கள். அதில் ‘போ’ எங்கே போகிறது? ‘பொறுத்துக்கொண்டான்’ என்பதில் ‘கொள்’ எதை வாங்குகிறது? நாம் போ, விடு, கொள் என்று துணைவினைகளை ஒட்டிப் பொருளை மாற்றுகிறோம். ஆங்கிலம் அந்த வேலையை அவுட், அப், வித் போன்ற சிறு சொற்களிடம் கொடுத்திருக்கிறது. ‘புட் அப் வித்’ என்றால் பொறுத்துக்கொள்வது; இறந்தகாலத்திலும் ‘புட்’ மாறாது. “ஷி புட் அப் வித் த ஹீட்.” ‘காட் அப் வித்’ (இந்தக் ‘காட்’, ‘கேட்ச்’ என்பதன் இறந்தகாலம்) என்றால் பின்னால் போய் எட்டிப்பிடித்தது. ‘கேம் அப் வித்’ என்றால் யோசித்துக் கண்டுபிடித்தது. இவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்காமல் முழுச் சொல்லாகவே பழகுங்கள். வாரத்துக்கு மூன்று போதும்.

‘லுக்ட் அப் டு’ என்றால் உயர்வாக மதித்தது. 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமை மாணவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியும். “ஸ்டூடன்ட்ஸ் லுக்ட் அப் டு கலாம்.” இதைச் செயப்பாட்டுவினை ஆக்கினால், “கலாம் வாஸ் லுக்ட் அப் டு பை ஸ்டூடன்ட்ஸ்.” அப், டு, பை என்று மூன்று சிறு சொற்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தயங்காமல் எழுதுங்கள், முழுக்க முழுக்கச் சரி.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் நோட்டில் எழுதுங்கள்.

அ) நண்டு பாறைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.
ஆ) பையன் கோவிலுக்குப் பின்னால் ஓடினான்.
இ) நாங்கள் தீவிலிருந்து திரும்பி வந்தோம்.
ஈ) எங்களிடம் டீசல் தீர்ந்துபோச்சு.

விடைகள்:

அ) “த க்ராப் கேம் அவுட் ஃப்ரம் அண்டர் த ராக்.”
ஆ) “த பாய் ரேன் பிஹைண்ட் த டெம்பிள்.”
இ) “வி கேம் பேக் ஃப்ரம் த ஐலண்ட்.”
ஈ) “வி ரேன் அவுட் ஆஃப் டீசல்.”

இரண்டாவதில் ‘டு’ வந்திருந்தால் படி 3 இன்னொரு தடவை. முதலாவதில் ‘அண்டர்’ என்பதை எழுதிவிட்டு அடித்திருந்தால், சரி, பரவாயில்லை. அதையே திரும்ப எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள்.