ஒரே ஒரு கணினியின் இணைய வேகத்தை மட்டும் ஃபயர்வாலில் குறைப்பது எப்படி?

என் பழைய கணினி தினமும் இரவு 9 மணிக்கு பேக்கப் எடுக்கத் தொடங்கும். அடுத்த நிமிடமே வீட்டில் வீடியோ அழைப்பில் இருப்பவர்களின் முகம் கட்டம் கட்டமாக உடையும். கணினியின் இணைப்பைத் துண்டித்தால் பிரச்சினை தீராது, பேக்கப்பும் நடந்தாக வேண்டுமே. மெதுவாக நடக்கட்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விண்டோஸில் இருக்கும் ஃபயர்வாலைத் திறந்து வேகக் கட்டுப்பாட்டைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஒரு இணைப்பை விடலாமா, தடுக்கலாமா என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். விண்டோஸ் ப்ரோ பதிப்பில், குரூப் பாலிசி எடிட்டருக்குள் 'பாலிசி பேஸ்டு க்யூஓஎஸ்' என்று ஒன்று உண்டு. அதில் வேகம் குறிக்கலாம், ஆனால் கணினியிலிருந்து வெளியே போகும் டேட்டாவுக்கு மட்டும்தான். அதோடு, அந்தக் கணினியில் உட்காருபவருக்கு நிர்வாகி உரிமை இருந்தால் இரண்டே கிளிக்கில் எடுத்துவிடுவார்.

ஆகவே எல்லாக் கருவிகளும் இணையத்துக்குப் போகும் வாசலில், அதாவது ரவுட்டராக இயங்கும் ஃபயர்வாலில் இதைச் செய்வதே சரி. நான் இங்கே காட்டுவது பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள். இது ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மீது கட்டப்பட்டது. வேகத்தைக் குறைக்கும் வேலையை உள்ளே 'டம்மிநெட்' என்ற பகுதி செய்கிறது. லூயிஜி ரிஸ்ஸோ 1990களில் எழுதிய டம்மிநெட்டின் முதல் நோக்கம், மெதுவான நெட்வொர்க்கைப் போல நடித்து புரோட்டோகால்களை, அதாவது கணினிகள் பேசிக்கொள்ளும் விதிமுறைகளைச் சோதிப்பது. அன்று பொய்யாக உருவாக்கிய மந்தத்தைத்தான் இன்று நாம் வேண்டுமென்றே கேட்டு வாங்குகிறோம்!

படி 1: எண்ணை முடிவு செய்யுங்கள்

மற்ற கருவிகளை நிறுத்திவிட்டு உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தை அளந்துகொள்ளுங்கள். இறக்கம் (டவுன்லோட்) நொடிக்கு 100 மெகாபிட், ஏற்றம் (அப்லோட்) 20 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். நம் கணினிக்கு இறக்கத்தில் 20, ஏற்றத்தில் 4 கொடுக்கலாம். இது மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 20 மெகாபிட் என்றால் திரையில் நொடிக்கு 2.5 மெகாபைட்டுக்கு மேல் வராது. 'இருபது கேட்டேன், இரண்டரைதான் வருகிறது' என்று பதற வேண்டாம்.

படி 2: கணினியின் முகவரியை நிலைப்படுத்துங்கள்

படி 4இல் நாம் எழுதப்போகும் ஃபயர்வால் விதி, நெட்வொர்க்கில் கணினிக்குரிய எண்ணான ஐபி முகவரியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காணும். நாளைக்கு முகவரி மாறினால் விதி வேறு யார் தலையிலாவது விடியும். கருவிகளுக்கு முகவரியைத் தானாக வழங்குவது டிஎச்சிபி. பிஎஃப்சென்ஸின் 'ஸ்டேட்டஸ்' மெனுவில் 'டிஎச்சிபி லீசஸ்' பக்கத்துக்குப் போய், அந்தக் கணினியின் வரியில் இருக்கும் ஸ்டாட்டிக் மேப்பிங் பொத்தானை அழுத்தி ஒரு முகவரியைக் கொடுங்கள். நான் 192.168.1.50 கொடுத்தேன். டிஎச்சிபி தானாக வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாக அது இருக்க வேண்டும். கணினியின் வைஃபை அமைப்பில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ்' இயங்கினால் அணைத்துவிடுங்கள். டிஎச்சிபி கணினியை அடையாளம் காணும் வன்பொருள் எண்ணையே அது மாற்றிவிடும்; அப்புறம் இந்தப் படியே வீண்.

படி 3: இரண்டு லிமிட்டர்களை (வேக வரம்புகளை) உருவாக்குங்கள்

'ஃபயர்வால்' மெனுவில் 'டிராஃபிக் ஷேப்பர்', அதில் 'லிமிட்டர்ஸ்' டேப். 'நியூ லிமிட்டர்' அழுத்தி, 'எனேபிள்' கட்டத்தில் டிக் போட்டு, பெயர் கொடுங்கள். பெயரில் இடைவெளி கூடாது. பேண்ட்வித்தில் 4, அலகு மெகாபிட். இது ஏற்றத்துக்கு. சேமித்துவிட்டு, இதே போல இறக்கத்துக்கு 20 மெகாபிட்டில் இன்னொன்று. கடைசியில் 'அப்ளை சேஞ்சஸ்' அழுத்த மறக்க வேண்டாம்.

அங்கே 'மாஸ்க்' என்று ஒரு தேர்வு இருக்கும். ஒரு கணினிதான் என்றால் 'நன்' என்றே விடலாம். பின்னால் நான்கு கணினிகளை ஒரே விதியில் சேர்த்தால் இதற்கு வேலை வரும்: 'நன்' என்றால் நான்கும் அந்த 20 மெகாபிட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஏற்றத்துக்கு 'சோர்ஸ் அட்ரசஸ்', இறக்கத்துக்கு 'டெஸ்டினேஷன் அட்ரசஸ்' என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அதே வரம்பு கிடைக்கும்.

படி 4: விதியை எழுதுங்கள்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

'ஃபயர்வால்', 'ரூல்ஸ்', 'லேன்' டேப். லேன் என்பது வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க். மேலே சேர்க்கும் பொத்தானை அழுத்துங்கள், அதாவது மேல்நோக்கிய அம்புக்குறி உள்ள 'ஆட்'. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்தும் விதியே செல்லும். 'லேனிலிருந்து எல்லாவற்றையும் விடு' என்ற பொது விதிக்குக் கீழே நம் விதி போய்விட்டால், அது கடைசிவரை சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஆக்ஷன் 'பாஸ்'. ஆமாம், தடுக்கும் விதி அல்ல, அனுமதிக்கும் விதிதான். அந்த அனுமதியோடு வேக வரம்பை ஒட்டுகிறோம். புரோட்டோகால் 'எனி'. சோர்ஸ் 192.168.1.50. டெஸ்டினேஷன் 'எனி'. பிறகு 'டிஸ்ப்ளே அட்வான்ஸ்டு' திறந்து கீழே போனால் 'இன் / அவுட் பைப்' வரும்.

'இன்' என்றால் இறக்கம் என்று கை தானாக நினைக்கும். ஆனால் இங்கே ஃபயர்வால் தன் இடத்தில் நின்று பேசுகிறது. லேன் வாசல் வழியாக அதற்குள் நுழைவது நம் கணினி அனுப்பும் டேட்டா, அதாவது ஏற்றம். அந்த வாசல் வழியாக வெளியேறுவது நமக்கு வரும் டேட்டா, இறக்கம். எனவே 'இன்' பெட்டியில் 4 மெகாபிட் லிமிட்டர், 'அவுட்' பெட்டியில் 20. நான் முதல் தடவை மாற்றிப் போட்டு, பேக்கப் முன்பு போலவே முழு வேகத்தில் ஓடுவதைப் பார்த்து அரை மணி நேரம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இறக்கத்துக்கு மட்டும் வரம்பு போதும் என்றாலும் 'இன்' பெட்டியைக் காலியாக விட முடியாது. அதில் இணைப்பின் முழு ஏற்ற வேகத்துக்கு ஒரு லிமிட்டர் செய்து வைத்துவிடுங்கள். சேமித்து 'அப்ளை சேஞ்சஸ்'.

சரி, இறக்கத்தைக் குறைப்பது எப்படிச் சாத்தியம்? மடையை நம் வயலில் அடைத்தால் வாய்க்காலில் ஏற்கெனவே வந்துவிட்ட தண்ணீர் என்ன ஆகும்? நியாயமான கேள்வி. வரம்பைத் தாண்டி வரும் பாக்கெட்டுகளை, அதாவது டேட்டாவின் சிறு துண்டுகளை, லிமிட்டர் வரிசையில் காக்க வைக்கும். வரிசை நிரம்பினால் தூக்கி எறியும். டேட்டாவை அனுப்பும் முறைகளில் டிசிபி, யுடிபி என்று இரண்டு உண்டு. டிசிபி இணைப்பில், எதிர்முனையில் இருக்கும் சர்வர் பாக்கெட்டுகள் தொலைவதைக் கண்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யுடிபியில் அந்த உத்தரவாதம் இல்லை, அனுப்பும் செயலியின் நல்ல மனதைப் பொறுத்தது.

படி 5: பழைய இணைப்புகளை அறுத்துவிடுங்கள்

விதி புதிய இணைப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய வேகத்திலேயே ஓடும். 'டயக்னாஸ்டிக்ஸ்', 'ஸ்டேட்ஸ்' பக்கத்தில் அந்த முகவரியை வடிகட்டி, அதன் ஸ்டேட்களை (ஓடும் இணைப்புகள் பற்றி ஃபயர்வால் வைத்திருக்கும் பதிவுகளை) மட்டும் நீக்குங்கள். மொத்தமாக ரீசெட் செய்தால் வீட்டில் எல்லோருடைய இணைப்பும் ஒரு கணம் அறும், அப்புறம் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

படி 6: சோதியுங்கள்

அந்தக் கணினியில் வேகச் சோதனை ஓட்டினால் இறக்கம் 19 சொச்சம் காட்டும். பாக்கெட்டுகளின் தலைப்புப் பகுதியும் வரம்புக்குள் கணக்காவதால் அந்தச் சிறு குறைவு. அதே நேரத்தில் 'டயக்னாஸ்டிக்ஸ்' மெனுவில் 'லிமிட்டர் இன்ஃபோ' பக்கத்தைத் திறந்தால் பாக்கெட்டுகள் ஓடுவது தெரியும்.

சோதனையில் 100 வந்தால் முதலில் ஐபிவி6 மீது சந்தேகப்படுங்கள். ஐபிவி4, ஐபிவி6 என்று ஐபி முகவரியில் இரண்டு வகை உண்டு. நாம் எழுதியது ஐபிவி4 விதி; கணினி ஐபிவி6 வழியாகப் போனால் அது பொருந்தாது. அதற்கும் தனி விதி வேண்டும். இன்னொன்று, ஒரே லேனில் உள்ள கணினிகளுக்கு இடையே போகும் கோப்புகள் ஃபயர்வாலைத் தொடாமல் ஸ்விட்ச் வழியாகவே போய்விடும், அவற்றுக்கு வரம்பு இல்லை. ஆனால் கோப்புச் சர்வர் வேறு விலேனில் (தனியாகப் பிரித்த இன்னொரு நெட்வொர்க் பகுதியில்) இருந்தால் அதுவும் 20க்குள் சிக்கும். அந்த முகவரிக்கு மட்டும் வரம்பில்லாத 'பாஸ்' விதி ஒன்றை இதற்கு மேலே வைத்துவிடுங்கள்.

நாள் முழுதும் வரம்பு தேவையில்லை என்றால் 'ஃபயர்வால்', 'ஷெட்யூல்ஸ்' பக்கத்தில் நேர அட்டவணை செய்து, விதியின் அட்வான்ஸ்டு பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். அட்டவணை முடிந்ததும் கணினி கீழே உள்ள பொது விதிக்குப் போய்விடும். ஆனால் அட்டவணை தொடங்கும் முன்பே ஆரம்பித்த இணைப்பு, படி 5இல் சொன்ன காரணத்தால், வரம்பில்லாமலே தொடரும். அதனால் 9 மணி பேக்கப்புக்கு என் அட்டவணை 8:45க்கே தொடங்குகிறது.