சிப்பிப்பாறைக் குட்டியின் சேட்டை எப்போது அடங்கும்? அதுவரை எப்படிச் சமாளிப்பது?

சிப்பிப்பாறை, கன்னி என்கிற நம்மூர் வேட்டை நாய்களைக் குட்டியாக வாங்கி வந்தவர்கள் ஆறாவது மாதத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான், இது எப்போது அடங்கும்? சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: பெரும்பாலும் ஒன்றரை வயதில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், இரண்டு வயதில் ஆளே மாறிவிடும், சில கடுவன்கள் மூன்று வரை இழுத்தடிக்கும். வளர்ந்த சிப்பிப்பாறை பகலில் பாதி நேரம் மூலையில் சுருண்டு கிடக்கும் என்று சொன்னால் குட்டி வைத்திருக்கிறவர்கள் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை.

நான் செய்த முதல் தப்பு, ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம் என்று நினைத்தது. ஏழு மாதப் பெட்டைக் குட்டியைச் சைக்கிளோடு கட்டி தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றினேன். நாலு சுற்றில் ஆரம்பித்தது ஒரு மாதத்தில் பத்துச் சுற்றாகிவிட்டது, வீடு திரும்பி நான் நாற்காலியில் சாய்ந்தால் அது என் செருப்பைக் கவ்விக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக நிற்கும். பிறகுதான் உறைத்தது, நான் நாயைக் களைக்க வைக்கவில்லை, பந்தயத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அதைவிட மோசம், இந்த மாதிரி உயரமான நாய்களுக்குக் கால் எலும்பின் வளர்ச்சி முடிய ஒரு வயதுக்கு மேல், சிலதுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். அதற்குள் சைக்கிளோடு ஓட்டுவதும், உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் மூட்டுக்கு ஆகாது. தானாக ஓடி, தானாக நின்று, தானாகப் படுக்கட்டும், அது வேறு விஷயம்.

மூன்றரை மாதத்திலிருந்து ஆறு ஏழு மாதம் வரை பால் பல் 28 விழுந்து 42 பல் முளைக்கிற காலம், அதனால் கடிக்கும். திட்டிப் பயனில்லை. பழைய துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், கூடவே இருந்து பாருங்கள், நூல் நூலாகப் பிய்த்து விழுங்க ஆரம்பித்தால் வாங்கிவிடுங்கள். ஆறிலிருந்து பதினெட்டு மாதம் வரைதான் உண்மையான சோதனை. நேற்றுவரை கூப்பிட்டதும் வந்த நாய் இன்று நம் குரலே கேட்காத மாதிரி நிற்கும், பழகிய குப்பைத்தொட்டியைப் பார்த்துக் குரைக்கும். பருவ வயதுப் பிள்ளை மாதிரிதான், கற்றுக்கொடுத்தது எங்கேயும் போய்விடவில்லை.

சரி, என்ன செய்வது? முதலில் தூக்கம். குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும், தூங்கவும் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்குள் பேய் பிடித்த மாதிரி வட்டமடித்து, வேட்டியைப் பிடித்து இழுக்கிறதே, பல நேரம் அது தூக்கம் கெட்ட குழந்தையின் அழுகைதான். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் சாக்கைப் போட்டு, மேலே பழைய போர்வையை மடித்து விரியுங்கள். உடம்பில் சதை குறைவு என்பதால் வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப் போகும். அது தானாகப் போய் அதில் படுக்கும்போதெல்லாம் சத்தம் காட்டாமல் ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியை முன்னங்கால் நடுவில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். "படு" என்று கட்டளையே வேண்டாம். என் வீட்டில் மூன்று வாரத்தில், நான் அடுப்படியில் நின்றாலே அது சாக்குக்குப் போய்ப் படுத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கும்.

இரண்டாவது, மூளைக்கு வேலை. சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைக்காமல் புல்லிலோ, சுருட்டிய சாக்கின் மடிப்புகளிலோ ஒளித்து வையுங்கள். இருபது நிமிடம் மோப்பம் பிடித்துத் தேடித் தின்ற குட்டி, மைதானத்தில் ஓடியதைவிட நன்றாக அடங்கித் தூங்கும். நடைக்குப் போகும்போதும் அவசரப்படுத்தாமல் ஒவ்வொரு மின்கம்பத்தையும் மோந்து பார்க்கவிடுங்கள். வெயிலில் வேண்டாம், தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. சாப்பிட்ட உடனேயும் ஓடவிடாதீர்கள்.

அப்புறம், வயது எத்தனை ஆனாலும் ஒன்று அடங்காது. இது கண்ணால் பார்த்து, விரட்டிப் பிடிக்கிற இனம், தலைமுறை தலைமுறையாக முயலுக்கு விட்டு வளர்த்தது. முயல் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், ஆனால் அந்தச் சட்டம் நாய்க்குத் தெரியாதே! திறந்தவெளியில் சங்கிலி இல்லாமல் விடாதீர்கள். தலை ஒடுக்கம், கழுத்து தடிப்பு என்பதால் சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து உருவிக்கொண்டு போய்விடும், இழுத்தால் ஓரளவு இறுகுகிற அகலப் பட்டைதான் சரி.

கருத்தடை செய்தால் அடங்கிவிடும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பிச் செய்ய வேண்டாம், கடுவன் ஊர் சுற்றுவது குறையலாம், துறுதுறுப்பு அப்படியே இருக்கும். எப்போது செய்யலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், மயக்க மருந்து கொடுக்கும் முன் இது ஒல்லி உடம்பு வேட்டை நாய் என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

என் பெட்டைக்கு இப்போது மூன்று வயது. மத்தியானம் முழுக்க ஃபேனுக்குக் கீழே நாலு காலும் நீட்டிக் கிடக்கும், காலிங்பெல் அடித்தால் ஒரு காதை மட்டும் தூக்கும். கொல்லைச் சுவரில் அணில் ஓடினால் மட்டும், எழுந்தது எப்போது, கதவைத் தாண்டியது எப்போது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.