எலக்ட்ரெட் மைக் கேப்ஸ்யூலுக்கு சால்டர் வைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயர் வைத்து முடித்ததும் மைக் வேலை செய்கிறது, ஆனால் குரல் மெலிந்து, இரைச்சல் தூக்கலாகக் கேட்கிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சால்டரிங் சூட்டைத்தான். ஒலியை வாங்கும் சிறு உலோக டப்பாதான் கேப்ஸ்யூல்; அதற்குள் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில், தயாரிக்கும்போதே நிரந்தர மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். சூடு ஏறினால் அது கசிந்துவிடும். போனதைத் திரும்ப ஏற்ற நம் மேசையில் வழியில்லை.

இதைத் தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் அடுத்த தவறைச் செய்கிறார்கள். பயந்துபோய் சால்டரிங் அயர்னை 250 டிகிரிக்கு இறக்கி, ஊசிமுனை டிப்பை பேடில் (கேப்ஸ்யூலின் பின்புறம் வயர் ஒட்டும் உலோகப் பொட்டு) அழுத்தி, ஈயம் உருகும்வரை காத்திருக்கிறார்கள். ஆறேழு நொடி ஆகிவிடும். அத்தனை நேரமும் சூடு டப்பாவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இங்கே கெடுதல் செய்வது தொடும் நேரம்தான். 330 முதல் 350 டிகிரியில், ஒன்றரை அல்லது இரண்டு மி.மீ. உளிமுனை டிப்பால் ஒரு நொடி தொட்டு எடுப்பது அதைவிடப் பாதுகாப்பு. எப்படியும் இரண்டு நொடியைத் தாண்டக் கூடாது.

சால்டராகப் பயன்படும் ஈயமும் முக்கியம். 63/37 கலவை (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரியில் உருகும். காரீயமில்லாத (லெட்-ஃப்ரீ) வகைகளில் பரவலாகக் கிடைப்பது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் டிப் கூடுதல் நேரம் நிற்க வேண்டிவரும். இந்த ஒரு வேலைக்கு 0.5 மி.மீ. கனமுள்ள 63/37 எடுங்கள். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பேடின் மேல் வைத்து வயருக்கு ஈயம் பூசுவது இன்னொரு தவறு. மெல்லிய பல இழை வயரை இரண்டு மி.மீ. மட்டும் உரித்து, கேப்ஸ்யூலுக்கு எட்ட வைத்து முதலில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். பேடில் பொதுவாக ஈயம் ஏற்கனவே இருக்கும். ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பிளக்ஸை ஒரு பொட்டு வைத்து, பூசிய நுனியை அதன்மேல் கிடத்தி, டிப்பால் மேலிருந்து தொடுங்கள். ஈயம் பளபளத்து வயரைச் சுற்றிப் படர்ந்த கணமே டிப்பை எடுத்துவிட வேண்டும். அது இறுகும்வரை வயர் அசையக் கூடாது. சரியாகப் பிடிக்கவில்லையா? உடனே மறுபடி தொடாதீர்கள். டப்பா தொட்டுப் பார்த்தால் சூடின்றிக் குளிரும்வரை பொறுங்கள். ஒரு பேடை முடித்து அடுத்ததைத் தொடுமுன்னும் அப்படியே பொறுங்கள். விளிம்போடு கோடுகளால் இணைந்திருக்கும் கிரவுண்டு பேடு சூட்டை டப்பாவுக்குக் கடத்தும், அதைக் கடைசியாக வையுங்கள்.

கேப்ஸ்யூலை ஸ்பாஞ்சிலோ மரத்திலோ செருகிப் பிடித்தால் சூடு வெளியேற வழியிருக்காது. முதலைக் கிளிப் டப்பாவை நசுக்கிவிடும். 10 மி.மீ. தடிமன் அலுமினியத் துண்டில் கேப்ஸ்யூல் இறுக்கமின்றி ஆனால் சுற்றிலும் தொடும்படி ஒரு துளை போடுங்கள். பரவலாகக் கிடைக்கும் 9.7 மி.மீ. கேப்ஸ்யூலுக்கு 9.8 போதும். கேப்ஸ்யூலின் முகப்பைக் கீழே வைத்தால் பிளக்ஸ் புகையும் ஒலித்துளைக்குள் போகாது. வேலை முடிந்து ஐசோபுரோப்பைல் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம், திரவம் உள்ளே இறங்கும். பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து பேடை மட்டும் துடைத்தால் போதும்.

உள்ளே ஜேஃபெட் என்னும் சிறு டிரான்சிஸ்டர் ஒன்று இருப்பதால், எர்த் இல்லாத இரண்டு பின் அயர்னில் கசியும் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். சூடேறியதும் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடுங்கள். ஒரு நொடி வேலைக்கு அந்தச் சூடே தாராளம்.

சால்டரைக் கவனமாக வைத்துவிட்டு, பிறகு கேப்ஸ்யூலின் மேல் ஹீட் ஷ்ரிங்க் மாட்டி ஹாட் ஏர் கன்னால் சுடுபவர்களும் உண்டு. அது சால்டரிங்கைவிட மோசம், டப்பா முழுவதும் வேகும். பசைத் துப்பாக்கியின் உருகிய பசையும் அப்படித்தான்.

சோதிக்கும்போது மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மூன்று வோல்ட் கொடுத்து அளந்தால் ஜேஃபெட் உயிரோடிருக்கிறதா என்றுதான் தெரியும். படலத்தின் மின்னூட்டம் பற்றி அது எதுவும் சொல்லாது. ஒரே பையில் வாங்கிய, பின் கால்கள் உள்ள கேப்ஸ்யூல் ஒன்றை சால்டர் வைக்காமல் பிரெட்போர்டில் (பாகங்களைச் செருகிச் சோதிக்கும் துளைப் பலகை) செருகுங்கள். ஒரே ஒலியை ஒரே தூரத்தில், ஒரே கெயினில் இரண்டிலும் பதிவுசெய்து பாருங்கள். மூன்று டெசிபல்வரை வேறுபாடு தயாரிப்பிலேயே இருக்கக்கூடும். வேறுபாடு ஆறு, எட்டு என்று போனால் அந்தக் கேப்ஸ்யூலை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள்.